கள்ளு காத்திராது: வன்னிப் பனங்கூடலுக்கு வருவோருக்கு

போர்தோவில் புரட்டாதி மாதம் பறித்த திராட்சை, பத்து வருடம் கழித்து ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டு மேசையில் போத்தலாகத் திறபடலாம். அது கெட்டிருக்காது, முந்தியதைவிட நன்றாக இருந்தாலும் இருக்கும். பனங்கள்ளு அப்படி இல்லை. காலமை ஆறரைக்கு மரத்தால் இறக்கியது பத்து மணிக்கு வேறு ருசி. பின்னேரம் நாலு மணிக்கு நல்ல புளிப்பு. அடுத்த நாள் அது வினாகிரி. அதனால் வைன் ஊர்களைப் போல ஆறுதலாக ஒரு பயணம், நல்ல சாப்பாடு, கண்ணுக்குக் குளிர்ச்சி, கையில் அந்த மண்ணின் குடிப்பு என்று யாராவது தேடினால், இலங்கையின் வடக்கே வன்னியில் அதற்கு ஒரே வழி மரத்தடிக்கு வந்து நிற்பதுதான்.

வருகிறவர்களில் கனபேர் செய்யும் பிழையும் இதில்தான். யாழ்ப்பாணம் போகிற வழியில் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு, கிளிநொச்சியைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வன்னியை யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருவீதியில் இருந்து பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு இரவு வேண்டும், மூன்று என்றால் நல்லது. ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும்தான் நடக்கிறது. நடுப்பகல் நித்திரைக்கு.

எந்த மாதம் வருவது

எல்லாம் ஒரே மாதத்தில் கிடைக்காது. எது வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள்.

தை, மாசி: குளங்கள் நிரம்பி இருக்கும். காலபோக (மாரி மழைப் போக) நெல் கதிர் முற்றி வெட்டுக்கு வரும். வெளிநாட்டுப் பறவைகள் சுண்டிக்குளத்திலும் கொக்கிளாய்க் களப்பிலும் இன்னும் நிற்கும். பனங்கிழங்கு கிண்டும் காலமும் இதுதான். ஆண்பனைகளில் சீவல் (கள்ளுக்குப் பாளை சீவுவது) தொடங்கிவிடும், ஆனால் வரத்துக் குறைவு. கண்ணுக்கு இதைவிட நல்ல காலம் வன்னியில் இல்லை.

பங்குனி முதல் வைகாசி வரை: பனங்கள்ளின் முழுப் பருவம். பெண்பனைகளும் சேர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் நுங்கு. வெயில் கடுமை, பத்து மணிக்குப் பிறகு வெளியில் நிற்கக் கூடாது. கள்ளுக்காக வருகிறவர் இந்த மூன்று மாதத்தையும் விட்டு வேறு மாதம் யோசிக்கத் தேவையில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் வரும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வந்த உப்புநீரில் விளக்கெரிப்பது அந்தக் கோயிலின் வழக்கம். அந்தப் பொங்கலை ஒட்டிய நாட்களில் முல்லைத்தீவிலும் முள்ளியவளையிலும் அறை கிடையாது. ஒரு மாதம் முந்திச் சொல்லிவைக்க வேண்டும்.

ஆனி முதல் ஆவணி வரை: காட்டுப்பழக் காலம். பாலைப்பழம், வீரைப்பழம் எல்லாம் வீதியோரத்தில் பைகளில் வரும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். குளங்கள் வற்றி அடி தெரியும். சோளகக் காற்றுப் புழுதியோடு அடிக்கும். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா. அந்த வாரம் வவுனியாவில் இருந்து மன்னார்ப் பக்கம் சனம் நெரியும்.

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை, வேலை இல்லாமல் வர வேண்டாம். மழை நல்ல அழகுதான். ஆனால் உள்வீதிகளில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும், பனையில் ஏற முடியாது, கள்ளும் மழைத்தண்ணி கலந்து சப்பென்று இருக்கும்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

மூன்று இடங்களில் ஒன்றைப் பிடியுங்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வெளிக்கிட்டால் வாகனத்துக்குள்தான் நாள் போகும்.

கிளிநொச்சியில் தங்கினால் வசதி கூட. ரெயில் நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக்கடை எல்லாம் கிட்ட. இரணைமடுக் குளம் ஓட்டோவில் போய்வரும் தூரம். பூநகரிப் பக்கம் போனால் கடற்கரை மணலில் நெருக்கமான பனங்கூடல்களும், பழைய கோட்டையின் இடிபாடும் இருக்கின்றன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அந்த வழியால் யாழ்ப்பாணமும் போகலாம்.

முல்லைத்தீவில் தங்கினால் கடல், நந்திக்கடல், வற்றாப்பளை, முள்ளியவளை எல்லாம் ஒரு சைக்கிள் நாளுக்குள் அடங்கும். மீனும் இறாலும் நண்டும் இங்கேதான் திறம். ஏ9இல் மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான் ஊடாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பரந்தனில் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாகவும் அதேயளவு. வரும்போது ஒன்றாலும் போகும்போது மற்றதாலும் போங்கள். மாங்குளப் பாதை காடு, பரந்தன் பாதை வயலும் குடிமனையும்.

ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் காட்டையும் குளத்தையும் மட்டும் விரும்புகிறவருக்கு. தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. கிட்டத்தில் கற்சிலைமடு, வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்ட இடம் என்று 1803 ஒக்டோபர் 31ஆம் திகதியைப் பொறித்து வெள்ளைக்காரர் கல் நட்ட ஊர். தங்கும் அறைகள் இங்கே குறைவு. தெரிந்தவர் வீடு இருந்தால் மட்டும் இந்தப் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியது குளிரூட்டி இருக்கிறதா என்பதல்ல. கிணறு எப்படி, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, யன்னலுக்கு நுளம்புவலை இருக்கிறதா, காலமை ஐந்தரைக்கு வெளிக்கதவு திறந்துவிடுவார்களா. இந்த நாலும்தான். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கல்லுத்தண்ணி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். குளிக்கலாம், குடிக்க வேண்டாம். வடிகட்டிய தண்ணீரை ஐந்து லீற்றர்க் கலனாக வாங்கி அறையில் வைத்துவிடுங்கள்.

கொழும்பில் இருந்து ரெயின் நல்லது. யுத்தத்துக்குப் பிறகு தண்டவாளம் திரும்பப் போட்டு கிளிநொச்சிக்கு 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் ஓடத் தொடங்கியது. நேரம் மாறிக்கொண்டிருக்கும், புறப்படும் முதல்நாள் நிலையத்தில் விசாரியுங்கள். இரவு பஸ் எடுத்தால் விடியமுதல் மூன்று, நாலு மணிக்குக் கிளிநொச்சியில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் அறைக்காரர் எழும்பமாட்டார், முதலே சொல்லிவையுங்கள்.

காலமைக் கள்ளு

இனி வந்த விஷயம். கள்ளு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியும்.

பனையில் பூம்பாளை வெளிவந்ததும் சீவல்காரர் அதைச் சேர்த்துக் கட்டி, பொல்லால் நோகாமல் தட்டிப் பதமாக்குவார். பிறகு ஒவ்வொரு நாளும் பாளைக்கத்தியால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிடுவார். சில நாளில் சாறு சொட்டத் தொடங்கும். பாளை முனையை முட்டிக்குள் (சிறு மண்பானைக்குள்) விட்டுக் கட்டிவிட்டால் இரவு முழுக்கச் சொட்டும். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஏறிச் சீவி, முட்டியை இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து பாளை அடைபட்டுவிடும். அதனால் பருவகாலத்தில் சீவல்காரருக்கு லீவு இல்லை. கலியாணம், செத்தவீடு எதுவானாலும் மரம் ஏறிவிட்டுத்தான் போவார்.

சாறு சொட்டும்போது அது வெறும் இனிப்பு. முட்டியின் உட்பக்கத்தில் முந்தைய கள்ளின் நொதி ஒட்டியிருக்கும். அது சீனியைத் தின்று மதுசாரமும் காற்றும் ஆக்கும். நுரை வருவது அந்தக் காற்றால். நேரம் போகப் போக இனிப்புக் குறைந்து வெறி கூடும். நன்றாகப் புளித்த கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து அளவில் நிற்கும். அதற்குப் பிறகு இன்னொரு வகை நுண்ணுயிர் மதுசாரத்தையே புளிக்காடி ஆக்கிவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் இந்த ஓட்டம் மெதுவாகும், நிற்காது.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

"அண்ணை, இது காலமை இறக்கினதோ, நேற்றுப் பின்னேரத்தையானோ?"

முதல்தரம் குடிக்கிறவருக்குக் காலமைக் கள்ளு, ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில். இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக இருக்கும், வெறி குறைவு. பழக்கப்பட்டவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு, காலமையானதையும் புதிசையும் கலந்து கேட்பார்கள். நேற்றையான் மட்டும் இருக்கிறது என்றால் அப்பத்துக்கு வாங்கலாம், குடிக்க வேண்டாம்.

நல்ல கள்ளைப் பார்த்தே அறியலாம். நிறம் அரிசி கழுவின தண்ணி போல. ஊற்றினால் மேலே நுரை கட்டி, அரை நிமிடத்தில் சிறு குமிழிகளாக உடைந்து, அடியில் இருந்து புதிசாக மேலே வந்துகொண்டிருக்கும். மணத்தில் பாளைவாசம் இருக்கும். பச்சைப் பாளையை முறித்தால் வரும் அதே மணம். மேலே தேனீயும் எறும்பும் மிதந்தால் அருவருக்கத் தேவையில்லை. மரத்தில் திறந்த முட்டியில் அவை விழாமல் இராது. பன்னாடையாலோ துணியாலோ வடித்துத் தருவார்கள். ஒன்றுமே மிதக்காத, தண்ணீர் போலத் தெளிந்த, எந்த நேரம் குடித்தாலும் ஒரே மாதிரி இனிக்கிற கள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும். சீனி கரைத்ததில் இனிப்புத் தனியாக நாக்கில் நிற்கும், விழுங்கிய பிறகும் போகாது. அடுத்தநாள் தலையிடி அதன் சாட்சி.

விற்கிற இடம் தவறணை. வடக்கில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களில் தொடங்கி, சீவல்காரரிடம் அளந்து எடுத்துத் தவறணையில் விற்கின்றன. அனுமதியுள்ள தவறணையிலேயே வாங்குங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) நாடு முழுக்க மதுபான விற்பனை பூட்டு, தவறணையும் பூட்டு. திட்டம் போடும்போது கலண்டரைப் பாருங்கள். ஒழுங்கையில் யாராவது கூப்பிட்டு "நல்ல சாமான் கிடக்கு" என்றால் அது கசிப்பு, களவாகக் காய்ச்சுகிற சாராயம். பக்கத்திலும் போக வேண்டாம். எதைப் போட்டுக் காய்ச்சினது என்று ஒருவருக்கும் தெரியாது, கண்ணும் உயிரும் போன ஆட்கள் உண்டு.

தவறணைக்குள் இருந்து குடிப்பது அனேகமாக ஆண்கள்தான். பெண்கள் கூட வந்தால் போத்தலில் வாங்கிக்கொண்டு தங்கும் வீட்டு முற்றத்தில் இருந்து குடிப்பதே இங்கத்தைய வழக்கம், அதில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். போத்தலில் கொண்டுபோகும்போது முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியை இறுக்கவும் வேண்டாம். அரை மணித்தியாலம் வெயிலில் வாகனத்துக்குள் கிடந்தால் உள்ளே காற்றுக் கட்டி மூடி பறக்கும், கண்ணாடிப் போத்தல் என்றால் வெடிக்கும். பழைய ஆட்கள் ஓலைத்துண்டைச் சுருட்டி வாயில் அடைப்பது இதற்காகத்தான்: கள்ளு சிந்தாது, காற்று வெளியேறும்.

முடிந்தால் பிளாவில் குடியுங்கள். வடலியின் (இளம்பனையின்) இளம் ஓலையில் இரண்டு மூன்று விரல் அகலத்து இதழ்கள் சேர்ந்தபடி ஒரு துண்டை நறுக்கி, தோணி போல மடித்து, ஒரு முனையை ஈர்க்கால் கட்டினால் பிளா. அதில் கள்ளு ஓலையின் பச்சை மணத்தோடு வரும். கிளாசில் அது இல்லை. கட்டின முனையைக் கையில் பிடித்து, திறந்த பக்கத்தால் உறிஞ்ச வேண்டும். மாறிப் பிடித்தால் சட்டையெல்லாம் கள்ளு.

அளவு: முதல்நாள் ஒரு போத்தலில் அரைவாசி போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும், அல்லது பொரித்த மீனும் பக்கத்தில் இருக்கட்டும். கள்ளு வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் புளிக்கும்; ஊதலும் ஏப்பமும் வரும், பயப்பட ஒன்றுமில்லை. நீரிழிவுக்காரர் காலமைக் கள்ளை விடுவது நல்லது, அதில் சீனி கூட. குடித்தவர் வாகனம் ஓட்டக்கூடாது. இரவில் வன்னி வீதியில் மாடும் யானையும் நிற்கும், நிதானமாக ஓட்டுகிறவருக்கே கஷ்டம்.

இன்னும் ஒன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீவல்காரர் ஒருவர் ஒரு நாளைக்குப் பல மரம், இரண்டு நேரம், தளைநார் ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறார். விழுந்தால் முதுகெலும்பு. இந்தத் தொழிலுக்காகவே அவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் குறைவாக நடத்திய ஊர் நம்முடையது. வருகிறவர் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டாம். வயதுக்கேற்ப ஐயா, அண்ணை, தம்பி என்று கூப்பிடுங்கள். "எந்தப் பகுதி ஆக்கள்" என்ற கேள்வியே வேண்டாம். படம் எடுக்க முதல் கேளுங்கள். அவர் மரத்தில் நிற்கும்போது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள், கவனம் சிதறும். விலை பேசிக் குறைக்காதீர்கள்.

கருப்பநீர்

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது இது. கழுவிக் காயவைத்த முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதி வேலைசெய்ய முடியாது. சாறு இனிப்பாகவே நிற்கும். விடியப்புறம் இறக்கியதை எட்டு மணிக்கு முதல் குடிக்க வேண்டும். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் வார்த்துக் குடியுங்கள். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்குச் சுணைக்கும், வயிறும் இளகும். குறைந்துபோனால் அது கருப்பநீர் அல்ல, இனிப்புக் கள்ளு. பிள்ளைகளுக்குக் கொடுக்க முதல் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். நுரைத்தால் கொடுக்கக்கூடாது.

இதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. எட்டுப் பத்து லீற்றர் சாறு வற்றி ஒரு கிலோ வரும். ஓலைக் குட்டானில் வார்த்தது வாங்குங்கள். குட்டானை விரலால் அமத்திப் பாருங்கள். கல்லுப்போல இருக்க வேண்டும். நெகிழ்ந்தால் பதம் போதாது, ஊர் போய்ச்சேர முதல் கசிந்துவிடும். வெளிநாடு கொண்டுபோக நல்ல பனஞ்சாமான் இதுவும், புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பினாட்டும் (வெயிலில் காயவைத்த பனங்களி).

ஒரு கூழ், தங்கும் வீட்டில்

வன்னிக்கு ஐந்தாறு பேராக வந்து கூழ் காய்ச்சாமல் போவது பெரிய இழப்பு. அறைக்காரரிடம் விறகடுப்பும் பெரிய பானையும் கேட்டால் தருவார்கள், கூட இருந்து காய்ச்சியும் தருவார்கள். எட்டுப் பேருக்கு:

ஒடியல் மா (அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா) கால் கிலோ. பச்சையரிசி ஒரு கைப்பிடி. பலாக்கொட்டை 20, கோது நீக்கி இரண்டாகப் பிளந்தது. பயற்றங்காய் கால் கிலோ, விரல் நீளத்துக்கு முறித்தது. மரவள்ளிக்கிழங்கு அரைக் கிலோ. சிறு நண்டு ஆறு, இறால் கால் கிலோ, மீன் ஒரு கிலோ. முள்ளுக் குறைந்த மீனும் அதன் தலையும். செத்தல் மிளகாய் 15, அம்மியில் அரைத்தது. பழப்புளி இரண்டு எலுமிச்சங்காய் அளவு. முருங்கையிலை இரண்டு பிடி. உப்பு.

ஒடியல் மாவை முதலில் அரித்து, தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, மேல்தண்ணியை ஊற்றிவிடுங்கள். இன்னொருக்கா தண்ணி விட்டு அதையும் ஊற்றுங்கள். ஒடியலுக்கு இயல்பிலே ஒரு காறல் உண்டு. அது இந்தத் தண்ணியோடு போக வேண்டும். கூழ் கசந்தது என்று சொல்கிற வீடெல்லாம் இந்த இடத்தில் அவசரப்பட்ட வீடு.

பானையில் மூன்று லீற்றர் தண்ணீர் கொதிக்க, அரிசியும் பலாக்கொட்டையும். அரைவாசி வெந்ததும் மரவள்ளியும் பயற்றங்காயும். அவை வெந்தபின் நண்டு, பத்து நிமிடம் கழித்து மீனும் இறாலும். மீனை முந்திப் போட்டால் கரைந்து முள்ளு மட்டும் மிஞ்சும். புளியை ஒரு கிளாஸ் தண்ணியில் கரைத்து, மிளகாய்க் கூட்டையும் ஊறின மாவையும் அதில் கட்டியில்லாமல் கரைத்து, பானையில் மெல்லிய தாரையாக விடுங்கள். ஒருவர் விட, ஒருவர் துழாவ வேண்டும். நெருப்பைத் தணித்து பதினைந்து நிமிடம். இறக்கும்போது முருங்கையிலை. கரண்டியின் முதுகில் படிந்து மெதுவாக வழிந்தால் பதம். ஆறும்போது இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தண்ணியாகவே இறக்குங்கள். இதையும் பிளாவில்தான் குடிக்க வேண்டும், கடித்துக்கொள்ளத் தேங்காய்ச்சொட்டு.

மிச்சக் கள்ளை வீசாதீர்கள். ஊறவைத்து இடித்த பச்சையரிசி மா அரைக் கிலோ என்றால், அதில் இரண்டு கரண்டியை எடுத்துத் தண்ணியில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, மிச்ச மாவோடு கால் லீற்றர் கள்ளும் விட்டுப் பிசைந்து இரவு மூடிவைத்தால் காலமை அப்பத்துக்கு மா பொங்கியிருக்கும். கஞ்சி சூடாக இருக்கும்போது கள்ளு விட்டால் நொதி செத்துவிடும், மா பொங்காது.

குளம், காடு, கோயில்

விடிய ஆறு மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில் நடங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம்; ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தண்ணீர், மறுபக்கம் வாய்க்கால் வழி வயல். மாசியில் என்றால் நெல் மணக்கும். மருதமரங்களில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வருவதும் இந்த நேரம்தான். விராலும் யப்பான் மீனும் (திலாப்பியா) குளக்கட்டிலேயே வாங்கலாம்.

குளத்தில் இறங்குவதானால் ஊராட்கள் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள். மற்ற இடங்களில் அடியில் பழைய மரக்குற்றிகள் இருக்கும், முதலையும் உண்டு. துருசுக்கும் (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு) வான்கதவுக்கும் கிட்ட நீந்தவே வேண்டாம், உள்ளிழுவை மேலே தெரியாது.

காட்டுக்குள் தனியே போகாதீர்கள். ஆனி, ஆடியில் பாலைப்பழம் தேடி மனிதர் போகிற அதே மரத்துக்குக் கரடியும் வரும். கரடி பொல்லாதது. பழத்தை வீதியோரத்தில் வாங்கித் தின்னுங்கள். பால் உதட்டில் ஒட்டும், தின்ன முதல் துளி தேங்காயெண்ணெய் பூசினால் ஒட்டாது. யானை பொழுதுபட்ட பிறகு குளத்துக்கு இறங்கும். ஆறரைக்குப் பிறகு காட்டு வீதியில் மோட்டச்சைக்கிள் வேண்டாம்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அப்படியே நில்லுங்கள், வந்த காலடியிலேயே திரும்புங்கள். மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தும் வன்னியில் இன்னும் முடியவில்லை. பலகை இல்லாத இடத்திலும் பாதையை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புதரில் பழைய இரும்புத்துண்டு எதையும் தொடக்கூடாது.

நந்திக்கடலோரம் மாலை வெளிச்சம் மிக அழகு. ஆனால் அதன் கரையிலும் முள்ளிவாய்க்காலிலும் 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் நடந்ததை உலகம் அறியும். உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவர் அங்கே யாரையாவது இழந்தவராக இருப்பார். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிண்ட வேண்டாம். அந்தக் கரையில் குடித்துக் கூத்தடிக்கக் கூடாது. அந்த இழப்பை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் வந்தால் அமைதியாக இருங்கள்.

இங்கேயே இருந்துவிட நினைத்தால்

மூன்று நாள் வந்தவர்களில் சிலருக்கு மூன்றாம்நாள் பின்னேரம் இந்த எண்ணம் வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் காணியை ஆவணியில் வந்து பாருங்கள், தையில் அல்ல. தையில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். ஆவணியில் எத்தனை முழம் நிற்கிறது என்பதே கணக்கு. பிறகு கார்த்திகையில் ஒருக்கா வந்து, வெள்ளம் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்று அயல்வீட்டுச் சுவரில் உள்ள கறையைப் பாருங்கள். வீட்டு அத்திவாரம் அந்தக் கறைக்கு மேலே வரவேண்டும்.

வன்னியில் கனக்கக் காணிகள் உறுதிக்காணி (சொந்தப் பத்திரம் உள்ள காணி) அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைக் கண்டபடி விற்கவோ வாங்கவோ முடியாது. கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் காசு கொடுத்தவர்கள் பிறகு ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். காசு கொடுக்க முதல் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் பத்திரத்தைக் காட்டுங்கள். வன இலாகா எல்லைக்குள் விழுகிறதா என்றும் கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் காணி வாங்கத் தடை போடுகிறது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் வழி உண்டு. சட்டத்தரணியை நீங்களே பிடியுங்கள், விற்கிறவர் காட்டுகிற ஆளை அல்ல.

காணி கைக்கு வந்ததும் முதல் வேலை வேலியோரம் பனங்கொட்டை போடுவது. யுத்த காலத்தில் பதுங்குகுழிக்கென்று தறிபட்ட பனைகளுக்கு ஈடு இன்னும் ஆகவில்லை. ஆவணியில் விழுந்த பழத்தின் களியைப் பிசைந்து எடுத்துவிட்டு, கொட்டைகளை நிழலில் வைத்திருந்து, புரட்டாதி முதல் மழையோடு ஒரு சாண் ஆழத்தில், மரத்துக்கு மரம் பத்தடி விட்டுப் புதையுங்கள். நிற்க வேண்டிய இடத்திலேயே போட வேண்டும். முளை மேலே வராது, கிழங்காகக் கீழே இறங்கும். பிடுங்கி நட்டால் தப்பாது. முதல் ஓலை தலைகாட்ட ஒரு வருடம் வரை பொறுங்கள். அதுவரை பன்றி கிண்டித் தின்னாமல் முள்ளு போட்டு மூடுங்கள், இரண்டு வருடம் மாடு மிதிக்காமல் காருங்கள். தண்ணி ஊற்றத் தேவையில்லை.

முதல் பாளை வர 12, 15 வருடம் செல்லும், சில மரம் இன்னும் கூட. ஆணா பெண்ணா என்று அப்போதுதான் தெரியும். அதனால் இரண்டு மூன்று கொட்டையோடு நிற்காதீர்கள், இருபதாவது போடுங்கள்.